ரத்தக்கழிச்சல் மருந்து என்று சொல்லி 6,850 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், கோழி வளர்ப்பவர்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள்

குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வந்து, வீடியோ பார்த்து ஆன்லைனில் 'மருந்து கிட்' வாங்க நினைப்பவர்கள் பணம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 6,850 ரூபாய். அதைவிட, மருந்து கொடுத்திருக்க வேண்டிய நாட்கள் போய்விட்டன. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். தொடர் மழையில் கொட்டகைத் தரையில் பரப்பியிருந்த கூளம் ஈரமாகிவிட்டது. நாலாவது வாரத்தில் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் ஒடுங்க ஆரம்பித்தன. எச்சத்தில் ரத்தம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் கால்நடை மருந்தகம் பூட்டியிருந்தது.

போனில் நாட்டுக்கோழி ஆலோசனை சொல்கிற ஒரு சேனலின் எண்ணுக்கு எச்சத்தின் படத்தை அனுப்பினேன். அந்தச் சேனல்காரர் உடனே கூப்பிட்டார். "அக்கா, இது ரத்தக்கழிச்சல், காக்சிடியோசிஸ். பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார். நோயின் பெயரைச் சரியாகச் சொன்னார். குஞ்சுகளின் வயது, கூளம் உமியா மரத்தூளா, என்ன தீவனம், எல்லாம் விசாரித்தார். விவரம் தெரிந்த ஆள் பேசுவது போலவே இருந்தது. மூன்று நாளில் நின்றுவிடும், இனி ஒரு குஞ்சுகூடச் சாகாது, மருந்து இன்றைக்கே கிளம்பிவிடும் என்றார். மகள் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்ததில் இருந்து 6,850 ரூபாயை அனுப்பினேன்.

பார்சல் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றே இழுத்தார்கள். தினமும் காலையில் செத்த குஞ்சுகளை அள்ளினேன். ஒருவழியாக வந்த பெட்டியில் இரண்டு பாட்டில், பெயரே போடாத ஒரு பொடிப் பொட்டலம். சொன்ன அளவில் கொடுத்தும் ரத்தம் நிற்கவில்லை.

செத்த குஞ்சையும் அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அரசு கால்நடை மருத்துவரிடம் போனேன். அறுத்துப் பார்த்தார், குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் கட்டி வீங்கியிருந்தன. அப்புறம் பாட்டில் மேல் ஒட்டியிருந்த 'ஸ்பெஷல்' ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் வேறு லேபிள்! ஒன்று பைப்பரசின், வட்டப்புழுவுக்குக் கொடுப்பது. இன்னொன்று பி காம்ப்ளெக்ஸ் கலந்த டானிக்.

மருத்துவர் சொன்னது இதுதான். ரத்தக்கழிச்சலை உண்டாக்குவது எய்மீரியா என்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது புழு இல்லை, குடற்புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது. குடலுக்குள் அது பெருக ஒரு வாரம் போதும். எச்சத்தில் வெளியேறுகிற முட்டை ஈரக் கூளத்தில் ஓரிரு நாளில் தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும், மற்ற குஞ்சுகள் அதைக் கொத்தும். அதனால் முதல் நாளிலேயே மருந்து உள்ளே போக வேண்டும். எனக்கு எழுதிக் கொடுத்தது ஆம்ப்ரோலியம் 20 சதவீதப் பொடி. லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம், ஐந்து நாள், அப்புறம் அளவைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார். நோய் கண்ட குஞ்சு தீவனம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் தண்ணீரில் கலக்கிறோம். ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போது பி1 வைட்டமின் சேர்ந்தால் மருந்தின் வேலை கெடும் என்றார். அந்த ஆள் அனுப்பிய டானிக்கில் இருந்ததே அதுதான். பக்கத்து டவுன் மருந்துக்கடையிலேயே பொடி கிடைத்தது, விலை நான் அனுப்பிய 6,850-இல் ஒரு துளி.

அந்தச் சேனல்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க அளவு மாத்திக் கொடுத்திருப்பீங்க" என்றார். சொன்ன அளவுதான் என்று அவருடைய குரல் பதிவையே அவருக்கு அனுப்பினேன். "அப்போ உங்க ஊர்ல ராணிக்கெட் வந்திருக்கும்" என்று வேறொரு கோழி நோயின் பெயரைச் சொன்னார். மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டார் என்றேன். "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்." அப்புறம் வேறொரு பெண் பேசினார், பிரித்த மருந்துக்குப் பணம் கிடையாதாம். பாட்டிலைப் பிரிக்காமல் குஞ்சுக்கு எப்படி மருந்து கொடுப்பது? வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், அழித்துவிட்டார்கள். இப்போது என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். 6,850 ரூபாய், ஒரு பைசா வரவில்லை. அதே வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் கீழே இன்னொருவர் எச்சத்தின் படத்தைப் போட்டு விலை கேட்டிருக்கிறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் 1930 சைபர் எண்ணிலும் புகார் கொடுத்துவிட்டேன்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரிப்பு உரிம எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள், செத்த குஞ்சைப் புதைப்பதற்கு முன் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈரக் கூளத்தை உடனே அள்ளி மாற்றுங்கள். பேசிய குரல் பதிவு, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். இதே ஆட்களிடம் பணம் விட்டவர்கள் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள், நான் ஒருத்தி மட்டும் கேட்டால் அசைய மாட்டார்கள்.