மூடுல்: பெங்களூரில் தமிழ்ப் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஒத்துவருமா?

பாடக் குறிப்புகளைப் போட்டுவைப்பதற்கும் அசைன்மென்ட் வாங்குவதற்கும் மட்டும்தான் என்றால் மூடுல் என்ற இணையவழிப் பாட, தேர்வு மென்பொருள் தேவையில்லை, கூகுள் கிளாஸ்ரூமே போதும். கல்லூரியின் பெயரில் வாங்கிய கல்விக் கணக்கில் ஒரு வகுப்புக்கு 20 ஆசிரியர்கள், அவர்களையும் சேர்த்து 1000 பேர் வரை இருக்கலாம். ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கினால் வரம்பு 250தான். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் வேறு கல்லூரிக்குப் போகும்போது வகுப்பும் அவரோடு போய்விடும். ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும் கணக்கு கல்லூரியுடையதாக இருக்கட்டும்.

மூடுலுக்குப் போக நல்ல காரணங்கள் இரண்டு: வினா வங்கி, மதிப்பெண் ஏடு. 2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட இந்தத் திறமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. செலவு சர்வருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும்தான். அந்த ஆள் இல்லாத கல்லூரி இதை எடுக்கவே கூடாது.

முதலில் வினா வங்கி. அலகுவாரியாக 40 வினாக்கள் போட்டு வைத்தால், ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு 10 வினாக்களை மூடுலே எடுத்துக்கொடுக்கும். கிளாஸ்ரூமோடு வரும் கூகுள் ஃபார்ம்ஸில் இந்த வசதி இல்லை. ஆனால் மொழித் துறைகளின் பழைய வினாத்தாள்களை ஏற்றும்போதுதான் தகராறு தொடங்கும். தமிழ்த் துறையின் தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், கன்னடத் துறையினுடையவை நுடி எழுத்துருவில் இருக்கும். இரண்டையும் யூனிகோடு என்ற பொதுக் குறிமுறைக்கு மாற்றாமல் ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். மாற்றிய பிறகும் ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். வினாக்களை வெறும் உரைக் கோப்பாக எழுதும் எய்க்கன் வடிவத்தில் மொத்தமாக ஏற்றுவதானால், கோப்பை யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். விடைகளுக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளே வேண்டும், அ, ஆ என்று போட்டால் ஏற்காது.

ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து விடையளிக்கும் வினாக்களில் இன்னொரு வில்லங்கம். ‘கொ’வில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாக வந்தாலும் தனித்தனியாக வந்தாலும் மூடுல் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ‘கௌ’வுக்குப் பதில் கொம்புக்குப் பின் ‘ள’வைத் தட்டி ‘கெள’ என்று எழுதினால் கண்ணுக்கு ஏறக்குறைய அதேதான், மென்பொருளுக்கு வேறு சொல். விடையை நாம் அப்படி ஏற்றியிருந்தால், ‘கௌரவம்’ என்று சரியாக எழுதிய மாணவர் பூஜ்யம் வாங்குவது அநியாயம். இரண்டு வடிவங்களையும் சரியான விடைகளாகச் சேர்த்துவிடுங்கள்.

மதிப்பெண் ஏட்டில் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ‘மூன்று இன்டர்னலில் சிறந்த இரண்டு’. மூன்று தேர்வுகளையும் ஒரே பிரிவின் கீழ் வைத்து, மூன்றுக்கும் மொத்த மதிப்பெண் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்து, ‘டிராப் த லோயஸ்ட்’ இடத்தில் 1 கொடுங்கள். அடுத்து ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நிறுவும்போதே அது போடப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டால் தேர்வுக்கு வராதவருக்குப் பூஜ்யம் கணக்காகாது. இரண்டு தேர்வு மட்டும் எழுதி 45, 20 வாங்கியவருக்கு 20 கழிந்து 45 மட்டும் நிற்கும்; அவர், மூன்றும் எழுதி 40, 42, 38 வாங்கியவரை முந்திவிடுவார். துறைத் தலைவர்கள் ‘மூடுல் கணக்குத் தப்பு’ என்று சொல்லும் இடங்களில் இந்த டிக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாணவர்களைச் சேர்ப்பதில் பெங்களூருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. தமிழ், கன்னடம், இந்தி, சமஸ்கிருதம் எல்லாம் ஒரே மணி நேரத்தில் நடக்கும், பி.காம். ‘ஏ’ செக்‌ஷன் மாணவர்கள் நான்கு அறைகளுக்குப் பிரிந்து போவார்கள். செக்‌ஷன்வாரியாக மட்டும் கோஹார்ட் (மொத்தமாகப் பாடத்தில் சேர்க்கும் மாணவர் குழு) அமைத்தால் மொழிப் பாடத்தில் குழப்பம்தான். மொழிக்கு ஒரு தனிக் கோஹார்ட் போடுங்கள். பெயர்ப் பட்டியலை எக்ஸெலில் தயாரிக்கும்போது பதிவெண் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் நீண்ட எண்கள் உருமாறும், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பயனர் பெயரில் ஆங்கில எழுத்து வந்தால் அது சிற்றெழுத்தாக இருக்க வேண்டும்.

சர்வரைப் பொறுத்தவரை, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் 10 முதல் 20 பேருக்கு 1 ஜிபி நினைவகம் என்பது தோராயக் கணக்கு. 300 பேர் ஒன்றாகத் தேர்வு எழுதினால் 15 முதல் 30 ஜிபி. சாதாரண நாளில் கால்வாசிகூடத் தேவைப்படாது என்பதால், தேர்வு வாரத்துக்கு மட்டும் கூட்டிக்கொள்ளக்கூடிய கிளவுட் சர்வரே நல்லது. திணறல் வருவது எல்லாரும் 10 மணிக்கு ஒன்றாக ‘ஸ்டார்ட்’ அழுத்தும்போது. குழுவாரி விலக்கு (ஒரு குழுவுக்கு மட்டும் தேர்வு நேரத்தை மாற்றும் வசதி) கொடுத்து ஐந்தைந்து நிமிட இடைவெளியில் திறந்தாலே பாதிப் பாரம் குறையும். பக்கத்துக்கு ஒரு வினா என்று வைக்காமல் ஐந்தாக வைத்தால் சர்வருக்கு வரும் கோரிக்கைகளும் குறையும்.

கோப்பு ஏறவில்லை என்றால், மூடுல் எழுதப்பட்டுள்ள நிரல்மொழியான பிஹெச்பியின் அமைப்பைச் சர்வரில் பாருங்கள். அங்கே இயல்பு அளவு 2 எம்பிதான். அதற்கு மேல் தளம், பாடம், அசைன்மென்ட் என்று ஒவ்வொன்றிலும் வரம்பு உண்டு, எது குறைவோ அதுதான் செல்லும். வீடியோவை உள்ளே ஏற்றவே வேண்டாம். பின்னணி வேலைகளைத் தானாகச் செய்யும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நின்றுபோனால் மின்னஞ்சல் போகாது, நேரம் முடிந்தும் சமர்ப்பிக்காத தேர்வுகள் மூடப்படாமல் கிடக்கும்.

தமிழில் சான்றிதழ் அச்சிடுவதில் மூடுல் ஏமாற்றுகிறது. அதன் பிடிஎஃப் நூலகத்துக்குத் தமிழ் எழுத்துச் சேர்க்கை தெரியாது; ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மாறாத வாசகங்களைப் படமாக வைத்து, மாணவர் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அச்சிடுவதே இப்போதைக்கு வழி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது சரியாகாதது வருத்தம்தான்.

வெளி நிறுவனம் ஒன்றிடம் பராமரிப்பைக் கொடுப்பதாக இருந்தால், ஒப்பந்தத்தில் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: தரவுத்தளத்தின் முழுப் பிரதி, ஏற்றிய கோப்புகள் இருக்கும் மூடுல்டேட்டா கோப்புறை, கான்ஃபிக் (அமைப்பு) கோப்பும் சேர்ந்த மூடுல் நிரல் கோப்புறை. பாடவாரி பேக்கப் மட்டும் தந்தால் தளத்தை முழுமையாக மீட்க முடியாது. கையெழுத்திடுவதற்கு முன்பே அந்த மூன்றையும் வைத்து வேறொரு கணினியில் தளத்தை எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.