டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு ஃபை தீட்டா கப்பா: கட்டிய 60 டாலர் தகுமா?

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றுக்கு மாறியவள் நான். கம்யூனிட்டி கல்லூரியில் முதல் பருவம் முடிந்து, பாடங்களுக்கான 12 கிரெடிட்டும் 3.5-க்கு மேல் ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) சேர்ந்ததும், ஃபை தீட்டா கப்பா என்ற ஹானர் சொசைட்டியில், அதாவது நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கான சங்கத்தில், சேரும்படி அழைப்பு வந்தது. தலைமையகத்துக்கு 60 டாலரும், கல்லூரிக் கிளைக்குத் தனியாகச் சிறு தொகையும் கட்டிச் சேர்ந்தேன். அந்தப் பணம் தகுமா என்று இப்போது அந்தக் கம்யூனிட்டி கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் கேட்பதால், என் அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

அழைப்பைக் கண்டதும் இது பணம் பறிக்கும் வேலையோ என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பயம் இதற்குத் தேவையில்லை. இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்களுக்கென்றே 1918-இல் மிசௌரி மாநிலத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு இது. ஜூனியர் கல்லூரிகள் எனப்பட்ட அந்த இரண்டாண்டுக் கல்லூரிகளின் சங்கம் 1929-இலேயே இதற்கு அங்கீகாரம் அளித்தது.

பயன் உண்டா என்பது நீங்கள் எங்கே மாறப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் தரும் டாக் என்ற இட உத்தரவாதத்துக்குப் படித்த பாடங்களையும் ஜிபிஏவையும்தான் பார்க்கிறார்கள். ஹானர் சொசைட்டிக்கு அதில் இடமே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பொது விண்ணப்பத்தில், செயல்பாடுகளும் விருதுகளும் என்ற பகுதியில் 20 பதிவுகள் வரை இடலாம். ஒவ்வொன்றையும் 350 எழுத்துகளுக்குள் விளக்க வேண்டும். 'உறுப்பினர்' என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லாமல் அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, கிளையின் சார்பில் சனிக்கிழமைகளில் நூலகத்தில் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்ததையும், வேலைக்குப் போய்க்கொண்டே படித்த தாய்மார்கள் அந்த வகுப்புக்குக் குழந்தைகளோடு வந்ததையும் எழுதினேன். அந்த 350 எழுத்துகள் எனக்குப் போதவில்லை. சொசைட்டியின் பெயரைவிட, அது கையில் கொடுத்த வேலைதான் விண்ணப்பத்துக்கு உயிர் தந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கோ வேறு மாநிலங்களுக்கோ போகிறவர்களின் கணக்கு வேறு. ஃபை தீட்டா கப்பா உறுப்பினர்களுக்கென்றே டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை ஒதுக்கியிருக்கும் கல்லூரிகள் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. என்னோடு சேர்ந்த தோழி ஒருத்திக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் இரண்டாண்டும் கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்துக்குப் போன இன்னொருத்தி கடைசிப் பருவத்தில்தான் சேர்ந்தாள். உதவித்தொகைக்கான கெடு அதற்குள் முடிந்திருந்ததால், அவளுக்குப் பட்டமளிப்பு விழாவில் தங்கநிறத் துண்டு அணிந்ததைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. எனவே சேருவதாயிருந்தால் தகுதி வந்த பருவத்திலேயே சேர்ந்துவிட வேண்டும். நீங்கள் குறிவைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறிய பிறகு டௌ சிக்மா என்ற இன்னொரு சொசைட்டி உண்டு. 1999-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்காகவே தோன்றிய இதில், புதிய இடத்தின் முதல் பருவ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். பத்தே வாரத்தில் பாடம் முடிந்துவிடும் குவார்ட்டர் முறைக்கு வந்து விழுந்தவர்களுக்கு அந்த முதல் பருவம் எவ்வளவு கடினமானது என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். அதைத் தாண்டி வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஓர் இடம் கிடைப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கிடையே வேறொரு சொசைட்டியிடம் 95 டாலர் இழந்தேன். மின்னஞ்சலில் வந்த பாராட்டில் மயங்கிக் கட்டிவிட்டேன். எங்கள் வளாகத்தில் அதற்குக் கிளையும் இல்லை, பொறுப்பேற்ற பேராசிரியரும் இல்லை, ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை. சுருட்டி அனுப்பிய சான்றிதழ் மட்டும் வந்து சேர்ந்தது. அன்று முதல் எந்த அழைப்பு வந்தாலும், வளாகத்தில் அதற்குப் பொறுப்பான பேராசிரியர் யார் என்று கேட்டு, அவரை நேரில் பார்த்த பிறகே பணத்தைப் பற்றி யோசிக்கிறேன்.