அரை மீட்டரில் ஓர் ஊசித்தட்டான்

தட்டான் பார்க்கப் பெரும்பாலான பைனாகுலர்கள் உதவுவதில்லை. பக்கத்தில் போனதும் மங்கிவிடும். பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 என்ற பைனாகுலர் அரை மீட்டர் தூரத்திலும் தெளிவாகக் காட்டுகிறது. கோவை சிங்காநல்லூர் குளக்கரையில், கோரைத்தண்டில் இருந்த ஊசித்தட்டான் ஒன்றை அதில் பார்த்தேன். பச்சை மார்பு, கறுத்த வால், நுனியருகே நீல வளையம். விலகி நிற்கும் இரு கண்களுக்குக் கீழே, ஏதோ சிறு பூச்சியை மென்றுகொண்டிருந்த வாய்! மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இது கேமராவுக்கு மாற்று அல்ல. ஆனால் எந்தத் தண்டுக்குத் தட்டான் திரும்பத் திரும்ப வருகிறது என்று இதில் பார்த்துப் பழகிய பிறகுதான் என் மேக்ரோ படங்கள், அதாவது மிக நெருக்கத்தில் எடுக்கும் படங்கள், தேறின. எடை 300 கிராம்கூட இல்லை. காலை முழுவதும் கழுத்திலேயே கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் குளக்கரைக்குப் போய்விடுங்கள், அப்போதுதான் அவை அசையாமல் உட்கார்ந்திருக்கும்.