ஏற்காட்டு வீட்டின் பலகைத் தரைக்கு அடியில்: நான்கு ஆண்டு அனுபவம்

கீழே சேலத்தில் யாரும் பலகைத் தரை போடுவதில்லை. ஏற்காட்டில் அப்புச்சி விட்டுப்போன வீடு காப்பித் தோட்டத் துரைமார் பாணியில் கட்டியது. மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே முழங்கால் உயர வெற்றிடம்; அடிச்சுவரில் சுற்றிலும் காற்றுத்துளைகள். பாம்பு நுழையும் என்று முன்பக்கத் துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தவர் அப்புச்சியேதான். பின்பக்கத்தில் ரோஜாவுக்காகக் கொட்டிய மண் மீதித் துளைகளை மூடியிருந்தது.

2021 ஆடியில் கட்டில் கால் பலகைக்குள் இறங்கியது. ஆசாரி வந்து, திருப்புளியைப் பலகையைத் தாங்கும் விட்டத்தின் முனையில் வைத்து அழுத்தினார். பிடிவரை இறங்கியது. “இது கிழங்காக இருந்தால் வேகவைத்துவிடலாமுங்க” என்றார். ஈரமானி 26 சதவீதம் காட்டியது. மரத்தில் ஈரம் 20க்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

முதலில் நான் செய்தது அவசரத்தனம். ஒரு துளையைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, இரவு பகலாக ஓடவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வரும் மாதம் அது. வெளிக்காற்றே நனைந்து கிடக்கும்போது அதை உள்ளே இழுத்து எதை உலர்த்துவது? தரைக்கடியில் இருந்த குளிர்ச்சியில் அந்த ஈரம் விட்டத்தில் வியர்த்து நின்றதுதான் மிச்சம். மின்கட்டணம் மட்டும் ஏறியது.

பிறகுதான் தண்ணீர் வரும் வழியைப் பார்த்தேன். கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுந்துகொண்டிருந்தது. தகரப் பீலி அடித்து, குழாயில் தூரமாகக் கொண்டுபோனோம். ரோஜா மேட்டை வெட்டி, துளைகளுக்கு அரையடி கீழே மண்ணை இறக்கிச் சரிவு கொடுத்தோம். எதிரெதிர்ச் சுவர்களில் 14 துளைகளைத் திறந்து கம்பி வலை அடித்தோம். அழுகிய விட்ட முனைகளை ஆசாரி வெட்டிவிட்டுப் புதுக்கட்டை சேர்த்தார். சுவரில் படும் இடத்தில் தார்த்தாள் வைத்தார்.

ஆனால் காசுக்கு மேல் பலன் தந்தது தடித்த பாலித்தீன் தாள். இரண்டு நாள் வயிற்றால் ஊர்ந்து, வெறும் மண் தெரியாமல் விரித்தேன். ஓரங்களை அரையடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் செங்கல் வைத்தேன். மண்ணிலிருந்து எழும் ஆவி அதற்குக் கீழேயே நின்றுவிடுகிறது. முட்டி தேய்ந்த வலி ஒரு மாதம் இருந்தது, அது வேறு.

இப்போது ஈரமானி சித்திரையில் 14, ஆடியில் 19 காட்டுகிறது. தரைக்கடியிலிருந்து வந்த மக்கிய வாடை போய்விட்டது. சாதாரண இரும்பு வலை இரண்டே மழையில் துருப்பிடித்ததால் எவர்சில்வர் வலைக்கு மாற்றினேன், முதலிலேயே செய்திருக்கலாம். சிலந்திக்கூடும் சருகுத்தூளும் வலையை அடைத்துவிடும், வருடம் இருமுறை துலக்க வேண்டும். மார்கழியில் தரை பனிக்கட்டிபோல் சில்லிடுகிறது. துளைகளை அடைக்கச் சொல்லி வீட்டில் ஒவ்வொரு வருடமும் மனு வருகிறது. பாய் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

சரியாகாதது ஒரே ஒரு மூலை. சமையலறைக்கு எப்போதோ மண் நிரப்பிச் சிமெண்ட் தரை போட்டுவிட்டார்கள். அதையொட்டிய படுக்கையறையின் தரைக்கடியில் குறுக்குக் காற்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே 21க்குக் கீழே இறங்குவதில்லை. சமையலறைத் தரையை உடைத்துக் குழாய் பதிக்கலாம் என்கிறார் ஆசாரி. அம்மா சம்மதிக்கவில்லை. அந்த மூலையில் கட்டில் போடுவதில்லை.