எடையா, இடமா, எண்ணிக்கையா: சர்வைவல் கேமில் பை எப்படி இருக்க வேண்டும்?

'மைன்கிராஃப்ட்' என்ற கணினி கேமில் ஒரு தங்கக் கட்டி என்பது ஒரு கன மீட்டர். நிஜத்தில் அவ்வளவு தங்கம் 19 டன்னுக்கு மேல் இருக்கும். பையின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 64 கட்டிகள் அடங்கும், மொத்தம் 36 கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பினால் 44,000 டன்னைத் தாண்டும். அதையும் தூக்கிக்கொண்டு நம் ஆள் துள்ளிக் குதித்து ஓடுவான். அந்த கேமுக்கு அது சரி, அங்கே நாம் போவதே கட்டுவதற்குத்தான். ஆனால் குளிரிலும் பசியிலும் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதே விளையாட்டு என்றால், முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒரு நியாயமான கணக்கு வேண்டும்.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த வரம்பு கிளம்புவதற்கு முன்பே என்னை யோசிக்க வைக்கிறதா, இல்லை தெரிந்த பாதையிலேயே நாலு நடை நடக்க வைக்கிறதா? நிஜத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன். நான்கு கேம்கள் இதை நான்கு விதமாகக் கையாள்கின்றன.

முதலில் 'தி லாங் டார்க்'. கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனம் 2014இல் முன்னோட்டமாக விட்டு, 2017இல் முழுமையாக வெளியிட்டது. இங்கே கட்டம் எதுவும் கிடையாது, எடை மட்டும்தான். 30 கிலோ வரை தூக்கலாம். தாண்டினால் நடை தளரும், இன்னும் ஏற்றினால் ஓட முடியாது. களைப்பு கூடக்கூட அந்த 30 கிலோவும் குறைந்துகொண்டே வரும். காலையில் லேசாக இருந்த அதே பை சாயங்காலம் கனக்கும். மலையேறியவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

துப்பாக்கி 4 கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சுற்றிலும் பனி கிடக்கிறது, அதை உருக்கினால் தண்ணீர். ஆனால் உருக்க விறகு வேண்டும், அடுப்பு மூட்ட நேரம் வேண்டும், காற்று அடித்தால் தீ அணையும். ஆக, தண்ணீரைச் சுமப்பதா, விறகைச் சுமப்பதா என்பது வாசலிலேயே எடுக்க வேண்டிய முடிவு.

இதைவிட அருமையான இடம் கரடி வேட்டை. ஒரு கரடியை வீழ்த்தினால் 25 கிலோவுக்கு மேல் கறி கிடைக்கும். ஏற்கெனவே பாதி நிறைந்த பையில் அது அடங்காது. சரி, முடிந்தவரை அள்ளிக்கொண்டு போகலாம் என்றால், பச்சைக் கறியின் வாடை ஓநாய்களை இழுக்கும். அங்கேயே சுட்டுவிடலாம் என்றால் குளிர் உடலைத் தின்னும், விறகும் தீரும். வெளியே விட்டுவிட்டு நாளை வரலாம், வெளிக்குளிரில் கறி சீக்கிரம் கெடாது. ஆனால் நாளை பனிப்புயல் வந்தால்? எடை என்ற ஒற்றை எண் வாடை, குளிர், நேரம் மூன்றோடும் பின்னிக்கொள்கிறது. வரம்பு இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த கேமை ஆடியவர்களிடையே ஒரு தந்திரம் பரவியிருந்தது. பகலெல்லாம் பட்டினி கிடந்து, படுக்கும் முன் மட்டும் சாப்பிட்டால் போதும், உணவு மிச்சமாகும். அதற்கு மாற்றாக, மூன்று நாள் தொடர்ந்து வயிறு காயாமல் பார்த்துக்கொண்டால் கூடுதலாக 5 கிலோ தூக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். தண்டனை எதுவும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறவனுக்குத் தெம்பு அதிகம், அவ்வளவுதான். பையின் வரம்பை வைத்தே நிஜத்துக்கு நெருக்கமான பழக்கத்தை வளர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. குறை என்றால், எடை உண்டு, கொள்ளளவு இல்லை. 30 கிலோவுக்குள் அடங்கினால் எவ்வளவு பருமனான பொருளும் பைக்குள் போய்விடும்.

அந்தக் குறையை 'கிரீன் ஹெல்' சரிசெய்யப் பார்க்கிறது. போலந்தின் கிரீப்பி ஜார் நிறுவனத்தின் தயாரிப்பு, 2019இல் வந்தது, களம் அமேசான் காடு. பையைத் திறந்தால் உள்ளே உண்மையான பை தெரியும். அறைகள் பிரிந்திருக்கும், பொருளைத் திருப்பி இடம் பார்த்து வைக்க வேண்டும். மொத்த எடை 50 கிலோவைத் தாண்டக் கூடாது. கையைக் காலைத் திருப்பிப் பார்த்து ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பிடுங்கும் கேம் என்பதால், பையும் அதே நுணுக்கத்தோடு இருப்பது பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் ஆடிப் பார்த்தால் இந்தப் பை என்னைப் பெரிதாகக் கவலைப்பட வைக்கவில்லை. காரணம் பையில் இல்லை, காட்டில் இருக்கிறது. தேங்காயை உடைத்தால் தண்ணீர், பருப்பு, அப்புறம் சிரட்டையைப் பாத்திரமாக வைத்து மழைநீரும் பிடிக்கலாம். காயத்துக்குக் கட்டு இலையிலிருந்து. குச்சி, கல், கொடி எல்லாம் காலடியில். இவ்வளவு கொடுக்கும் காட்டில் எதை விட்டுவிட்டுப் போனாலும் அடுத்த வளைவில் மறுபடி கிடைக்கும். 'தி லாங் டார்க்'கின் பனிக்காட்டில் கையில் இருப்பதுதான் உயிர், அதனால் அங்கே 30 கிலோ உறைக்கிறது. இங்கே 50 கிலோ உறைப்பது வீடு கட்டப் பொருள் சேர்க்கும்போது மட்டும்தான். பை எவ்வளவு நிஜமாக இருந்தாலும், களம் கஞ்சத்தனமாக இல்லாவிட்டால் வரம்புக்கு வலு வராது.

'தி ஃபாரஸ்ட்' நேர் எதிர் வழி. 2018இல் முழு வடிவம் பெற்ற இந்த கேமில் எடையே கிடையாது. தரையில் விரிப்பை விரித்து எல்லாவற்றையும் பரப்பிக் காட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனைதான் என்று ஓர் உச்சவரம்பு. கோடாரி, துணி, மருந்து, தின்பண்டம் எதுவும் ஒன்றின் இடத்தை மற்றது பிடிக்காது. நிஜம் என்று பார்த்தால் இது மிகவும் தள்ளி நிற்கிறது. ஆனால் மரக்கட்டை மட்டும் பைக்குள் போகாது! தோளில் இரண்டு, அதற்கு மேல் முடியாது. இழுவை வண்டி செய்தால் 12. பச்சை மரத்தில் அப்படி ஒரு கட்டையைத் தனியாகத் தூக்குவதே பெரும்பாடு, அதனால் இதுவும் அளவில் நிஜம் இல்லை. ஆனாலும் கட்டை தோளில் இருக்கும்போது ஆயுதம் எடுக்க முடியாது, காட்டில் நரமாமிசம் தின்பவர்கள் உலவுகிறார்கள். பயம்தான் இந்த கேமின் உயிர், பயத்தைக் கூட்டும் ஒரே இடத்தில் மட்டும் வரம்பை வைத்திருக்கிறார்கள். தெளிவான தேர்வு.

'வால்ஹெய்ம்' பற்றி எனக்கு இரண்டு மனம். 2021இல் வந்த சுவீடன் தயாரிப்பு. இங்கே 32 கட்டங்கள், கூடவே 300 எடை, இரண்டு வரம்பும் ஒரே நேரத்தில். காளான், விதை, தோல் என்று சில்லறைப் பொருள்களே கட்டங்களை அடைத்துவிடும், எடை பாதிகூட ஆகியிருக்காது. இதில் யோசிக்க எதுவும் இல்லை, எதையாவது கீழே போட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். ஆனால் இதே கேமில்தான் மிக நல்ல தடை ஒன்றும் இருக்கிறது. நொடியில் வேறிடம் போகும் மாய வாசல் வழியே உலோகம் போகாது. சதுப்பு நிலத்தில் இரும்பு கிடைத்தால் கப்பல் கட்டி, காற்று பார்த்து, கடல் கடந்துதான் வீடு சேர்க்க வேண்டும். மாய வாசலில் நிஜம் என்ன என்று கேட்கலாம். இரும்பு ஏற்றிய கப்பல் புயலில் ஆடும்போது அந்தக் கேள்வி எழாது. 2023இல் இந்தத் தடையை நீக்கிக்கொள்ளும் வசதியும் வந்தது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது உதவும், முதல்முறை ஆடுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் நான் 'தி லாங் டார்க்' பக்கம்தான் நிற்பேன். 'பில்கிரிம்' என்ற எளிய நிலையில் தொடங்காதீர்கள். அதில் ஓநாய்கள் நம்மைக் கண்டால் விலகிவிடும், பச்சைக் கறியைச் சுமப்பதில் எந்த ஆபத்தும் இருக்காது. அடுத்த நிலையான 'வாயேஜர்' போதும், 30 கிலோ என்றால் என்ன என்று முதல் வேட்டையிலேயே தெரியும்.