டயல்அவுட், டிப்: அப்பாவின் கணக்கில் நெட் வந்த கதை

2008-ல் உபுண்டு 8.04 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) போட்டபோது வீட்டில் இருந்தது டயல்-அப், அதாவது தொலைபேசிக் கம்பி வழி இணையம்தான். கணினிக்குள் இருந்த வின்மோடத்துக்கு விண்டோஸ் டிரைவர் இல்லாமல் உயிரே இல்லை. ரிச்சி தெருவில் பழைய சீரியல் மோடம் ஒன்று வாங்கினேன். நண்பர் வீட்டில் இறக்கிய டபிள்யூவிடயல் என்ற டயல் செய்யும் நிரலின் டெப் (நிறுவல்) கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டு ஓட்டினால் உடனே இணையும். போடாவிட்டால் "பெர்மிஷன் டினைட்". சூடோவிலேயே மாதக்கணக்கில் காலம் தள்ளினேன். அப்பா மெயில் பார்க்கணும் என்றால் நான்தான் வந்து கடவுச்சொல் அடிக்க வேண்டும்.

லினக்ஸில் மோடமும் ஒரு கோப்பாகத்தான் தெரியும். அந்தக் கோப்புக்கு சிஎச்மாட் 666, அதாவது எல்லாரும் படிக்க, எழுத அனுமதி கொடுத்தேன். மறுநாள் கணினியைத் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி! ஒவ்வொரு பூட்டிலும் யுடெவ் (சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் நிரல்) அந்தக் கோப்பைப் புதிதாக உருவாக்குகிறது. கோப்பின் விவரம் காட்டும் எல்எஸ் கட்டளையில் பார்த்தால் விடை எதிரிலேயே இருந்தது: சொந்தக்காரர் ரூட் (நிர்வாகி), குழு டயல்அவுட், மற்றவர்களுக்கு வெறும் மூன்று கோடு, அதாவது அனுமதியே இல்லை.

உடனே யூசர்மாட் கட்டளையில் என்னை டயல்அவுட்டில் சேர்த்தேன். பெரிய ஜி மட்டும் போட்டு, சின்ன ஏ-வை விட்டுவிட்டேன். மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் பெயர் போய்விட்டது, சூடோ உரிமை தரும் அட்மின் உட்பட. சூடோவும் போச்சு. ரெக்கவரி மோடில் போய்த்தான் மீட்டேன். அப்பா கணக்குக்கு ஏ சேர்த்தே அடித்தேன். அவர் லாக்அவுட் செய்து திரும்ப வந்த பிறகுதான் அது எடுபட்டது.

இப்போது மோடம் கீச்சிட்டது, கனெக்ட் என்றும் வந்தது, அதோடு செத்தது. உபுண்டு போல டெபியன் லினக்ஸ் வழி வந்தவற்றில், டயல் செய்தபின் இணைய இணைப்பை ஏற்படுத்தும் பிபிபிடி நிரலை இயக்கும் உரிமை டிப் குழுவுக்குத்தான். அதிலும் சேர்த்ததும் அப்பா தாமாகவே இணைந்தார். இணையக் கடவுச்சொல் இருக்கும் பாப்-சீக்ரெட்ஸ் கோப்பை மாற்ற முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். முன்பு சூடோவில் ஓட்டியபோதே கடவுச்சொல் அதில் ஏறியிருந்ததால் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கோப்பின் 600 அனுமதியை (சொந்தக்காரர் மட்டுமே படிக்க, எழுத) தளர்த்தாதீர்கள். பிபிபிடி ரூட்டாக ஓடுவதால் அதுவே படித்துக்கொள்ளும்.

பிறகு 3ஜி டாங்கிள் (யுஎஸ்பி மோடம்) வந்தது. கோப்பு டிடிஒய்யுஎஸ்பி0, டயல் செய்யும் எண் *99#. குழுக்கள் அதேதான், ஒன்றும் தொடவில்லை. போன வருஷம் அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைச் செருகியபோதும் அதே டயல்அவுட்தான் வழிவிட்டது. ஆர்ச் லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் மட்டும் அந்தப் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். அங்கே குழுவின் பெயர் யுயுசிபி.