முகத்துடிப்புக்குப் பாளையங்கோட்டையில் போட்டாக்ஸ் ஊசி

அம்பையில் இருக்கும் என் அம்மாவுக்கு இடக்கண் இமை துடிக்கத் தொடங்கியபோது, பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்ல செய்தி வரும் என்று தெருவே சொன்னது. துடிப்பு கன்னத்திலும் வாயோரத்திலும் இறங்கி ஓராண்டு ஆன பிறகே பாளையங்கோட்டையில் உள்ள ஒரு நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், மூளைத்தண்டிலிருந்து முகநரம்பு புறப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதை அழுத்துவதே காரணம் என்றார். அறுவைச் சிகிச்சையால் அந்தக் குழாயை விலக்கலாம் என்றாலும், அம்மாவின் வயதுக்கு போட்டாக்ஸ் ஊசியே போதும் என்பது அவர் முடிவு. அழகுக்குப் போடுவதாயிற்றே என்று நான் தயங்கினேன். ஆனால் அமெரிக்காவில் 1989-இல் இம்மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும்தான். முகச்சுருக்கத்துக்கு 2002-இல்தான் கிடைத்தது.

இதுவரை நான்கு முறை போட்டாயிற்று. "கண்ணை இறுக்கி மூடுங்கம்மா, இப்போ ஈன்னு பல்லைக் காட்டுங்க" என்று சொல்லி, துடிக்கும் இடங்களைப் பேனாவால் குறித்துக்கொண்டு, இன்சுலின் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசியால் ஆறு இடங்களில் போடுகிறார். பத்து நிமிடம்கூட ஆவதில்லை. நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போய் அதைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மருந்து தடுப்பதால், நான்காம் நாள் துடிப்பு தணிகிறது; மூன்று மாதத்தில் மெல்லத் திரும்புகிறது. அதற்கு முன்பே போடும்படி நாங்கள் கெஞ்சியும், உடலில் எதிர்ப்புப் பொருள் உண்டாகி மருந்து பலிக்காமல் போகலாம் என்று மறுத்துவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கரைத்த மருந்தை அதிக நேரம் வைத்திருக்க முடியாது என்பதால் மூன்று நான்கு பேரை ஒரே நாளில் வரவழைத்து, ஒரு குப்பியின் 100 யூனிட்டையும் பகிர்ந்து போட்டுச் செலவைக் குறைக்கிறார்கள். ஆனால் பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டு ஒரு மணிக்கு அழைப்பது, செங்கோட்டை ரயிலை நம்பி வருகிறவர்களுக்குப் பெரும் இடைஞ்சல். முதல் பில்லில் மருந்தின் பெயரும் இல்லை, அளவும் இல்லை. ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமில்லை என்பதால், நாளை வேறு மருத்துவரிடம் போனால் அந்த விவரம் இல்லாமல் முடியாது. கேட்டு வாங்கிய பிறகே ஃபைலில் எழுதத் தொடங்கினார்கள்.

பெரிய மனக்குறை முதல் ஊசிக்குப் பின் வந்தது. வாயோரம் தொங்கி, குடித்த காபி தாடையில் வழிந்தது. பக்கவாதமோ என்று வீடே கலங்கிவிட்டது. இப்படி ஆகலாம், சில வாரத்தில் சரியாகிவிடும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த முறை வாயருகே அளவைக் குறைத்துப் போட்டார், அந்தத் தொல்லை வரவில்லை.

பக்கவாதத்தால் கை இறுகியவர்களும் அதே நாளில் வருகிறார்கள். விரலைப் பிரித்து நகம் வெட்ட முடியாமல் உள்ளங்கை புண்ணாகியிருந்த ஒரு பெரியவருக்கு ஊசிக்குப் பின் விரல்கள் பிரிந்ததை அடுத்த முறை பார்த்தேன். அவர்களுக்கு ஊசியோடு பிசியோதெரபியும் வேண்டும். அந்த வசதி இங்கே இல்லை, வெளியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.